உம்ப்ரியா: ஒரு நாளைக்கு ஒரு ஊர், ஒரு சுவர்

ஓவியம் பார்க்கத்தான் இத்தாலிக்குப் போகிறீர்கள் என்றால் ஃப்ளோரன்ஸுக்கும் ரோமுக்கும் நடுவில் ரயில் ஜன்னல் வழியே கடந்துபோகும் உம்ப்ரியாவில் சில நாட்களாவது இறங்கிவிடுங்கள் என்பது என் கட்சி. இத்தாலியத் தீபகற்பத்தில் கடற்கரையும் இல்லாமல் வெளிநாட்டு எல்லையும் இல்லாமல் இருக்கும் ஒரே மாநிலம் அதுதான். மலை, அகலமான பள்ளத்தாக்கு, சரிவெல்லாம் ஆலிவ் தோப்பு, ஒவ்வொரு குன்றின் மேலும் மதில் சூழ்ந்த ஒரு ஊர். பெரிய மியூசியங்களில் ஒரு படத்துக்குப் பக்கத்திலேயே அது எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். உம்ப்ரியாவில் முக்கியமான படங்களில் நிறைய, வரைந்த சுவரிலேயே இன்னும் இருக்கின்றன. கோயிலை விட்டு வெளியே வந்தால் சற்றுமுன் படத்தில் பார்த்த மலையும் சதுக்கமும் எதிரில் நிற்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே நானும் அக்காவும் இங்கே வந்தோம், பிறகு இரண்டு பேருமே திரும்பவும் போனோம்.

தங்கும் ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. பெரும்பாலானவர்கள் அசிசியிலோ பெரூஜாவிலோ அறை எடுப்பார்கள். அழகான ஊர்கள்தான், ஆனால் இரண்டுமே குன்றின் மேல், ரயில் நிலையமோ கீழே. பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவதிலும் இறங்குவதிலும் பாதி நாள் போய்விடும். நாங்கள் ஃபோலின்யோவில் தங்கினோம். சமதளத்தில் இருக்கும் ஊர், எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள், சுற்றுலாக்காரர் கூட்டம் கம்மி, அறை வாடகையும் அதற்கேற்ப. ரோமிலிருந்து அங்கோனா போகும் பாதையும் பெரூஜா வழியாகத் தெரோன்தோலா போகும் பாதையும் சந்திக்கும் ஜங்ஷன் அது. ஸ்பெல்லோ, அசிசி, பெரூஜா ஒரு பக்கம், த்ரேவி, ஸ்பொலேட்டோ இன்னொரு பக்கம், எல்லாமே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' முதன்முதலில் அச்சானது 1472-ல் இந்த ஊரில்தான். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொன்னார், பெருமை அப்படி.

ரயில் விஷயத்தில் சில சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர் ரயிலுக்குத் தாளில் டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறிய மெஷினில் அதைச் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். போனில் வாங்கினால் ஏறும்போது செக்-இன் அழுத்த வேண்டும். இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்தால், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தாலும் அபராதம் உண்டு. எங்கள் பெட்டியிலேயே ஒரு வயதான தம்பதி அப்படி மாட்டினார்கள், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வாரநாள் என்றால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சில ரயில்களை ஓட்டியே தீர வேண்டும் என்பது விதி, அதை வைத்து அன்றைய நாளை அமைத்துக்கொள்ளலாம்.

பஸ் இன்னும் கவனம் கேட்கும். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று இருந்தால் திங்கள் முதல் சனி வரை, 'ஃபெஸ்தீவோ' என்றால் ஞாயிறும் விடுமுறை நாட்களும், 'ஸ்கொலாஸ்டிகோ' என்றால் பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் மட்டும். ஜூன் பாதியில் பள்ளி மூடிவிட்டால் அந்த பஸ் செப்டம்பர் வரை வராது. டிக்கெட்டை வெளியே 'டி' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அசிசிக்கு வருகிறேன். புனித பிரான்சிஸ் 1226-ல் இறந்தார், 1228-லேயே அவர் பெயரில் பேராலயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள். கீழ்க்கோயில் விடிகாலையிலேயே திறந்துவிடும், மேல்கோயில் எட்டரை மணி வாக்கில். சுற்றுலா பஸ்கள் வந்து சேர்வதற்கு முன்னால் போய்விடுவது மிக மிக முக்கியம், அதற்காக ஃபோலின்யோவிலிருந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அசிசி நிலையம் கீழே சாந்தா மரியா தெலி ஆஞ்செலியில் இருக்கிறது, ஊர் அங்கிருந்து 4 கிலோமீட்டர் மேலே, பஸ் இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது என்பது ஆரம்பத்தில் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் கையில் போன் இல்லாததால்தான் கண் ஒரே இடத்தில் நிற்கிறது.

மேல்கோயிலில் பிரான்சிஸின் வாழ்க்கையைச் சொல்லும் 28 காட்சிகள். ஜியோட்டோ வரைந்தது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், அவர் கைதானா, ரோமிலிருந்து வந்த ஓவியர்களின் கையா என்று அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. யார் வரைந்திருந்தாலும் சரி, வரிசை தெரியாமல் பார்த்தால் கதை பிடிபடாது. பீடத்தைப் பார்த்து நின்றால் வலது சுவரில் பீடத்துக்குப் பக்கத்திலிருந்து கதை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து வாசலை நோக்கி நடந்து வர வேண்டும். வாசல் சுவரில்தான் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்யும் அந்தப் புகழ்பெற்ற காட்சி இருக்கிறது, எல்லோரும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவதால் பலர் அதைப் பார்க்காமலேயே வெளியேறுகிறார்கள். அப்புறம் மற்றப் பக்கச் சுவர் வழியாகப் பீடத்தை நோக்கித் திரும்ப வேண்டும்.

முதல் காட்சியில் அதிக நேரம் நில்லுங்கள். இளைஞன் பிரான்சிஸ் நடந்து வருகிறான், எளிய மனிதர் ஒருவர் தன் மேலாடையைக் கழற்றி அவன் காலடியில் விரிக்கிறார். பின்னால் ஒரு ரோமானியக் கோயிலும் ஒரு கோபுரமும். அந்தக் கோயில் மினர்வா தேவதையுடையது, அசிசியின் நடுச் சதுக்கத்தில் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, உள்ளே மட்டும் மாதா கோயிலாகிவிட்டது. படத்தில் ஒல்லியான 5 தூண்கள், நேரில் போய் எண்ணினால் கனமான 6 தூண்கள். பக்கத்துக் கோபுரத்தின் உச்சி 1305-ல்தான் முடிந்தது, படத்தில் அந்த உச்சி இல்லை, இதை வைத்தே படத்தின் காலத்தைக் கணிக்கிறார்கள். பேராலயத்திலிருந்து சதுக்கத்துக்கு நடந்தால் பத்து நிமிஷத்துக்குச் சற்று மேலே ஆகும். அந்த நடை முடிந்து தூண்களுக்கு முன்னால் நின்றபோது அக்கா, "அப்படின்னா இது அவங்க அன்னிக்குப் பார்த்த தெரு, அவ்வளவுதான்" என்றாள். புராணக் கதையை யாரோ எங்கோ கற்பனையாக வரையவில்லை, படம் வரைந்தவர் காலையில் கடந்து வந்த சதுக்கத்தையே பின்னணியாக வைத்திருக்கிறார். உம்ப்ரியா முழுக்க இதைத்தான் தேடிப் போனோம்.

1997 செப்டம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தில் மேல்கோயிலின் கூரை வளைவுகள் இடிந்து விழுந்தன. முதல் அதிர்ச்சியின் சேதத்தைப் பார்வையிட உள்ளே போயிருந்த 4 பேர் அதில் இறந்தார்கள், இருவர் துறவிகள், இருவர் நிபுணர்கள். லட்சக்கணக்கான துண்டுகளைப் பொறுக்கித் தரம் பிரித்து ஒட்டி, 1999 நவம்பரில் கோயிலைத் திறந்தார்கள். பீடத்துக்கு மேலே சிமாபுவே வரைந்த மத்தேயுவின் வளைவில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. அண்ணாந்து பார்த்தால் அங்கே திட்டுத்திட்டாக இருக்கும், அது ஏன் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

கீழ்க்கோயில் இருட்டு. கண் பழக ஐந்து நிமிஷமாவது பெஞ்சில் உட்காருங்கள். சிமோனே மார்த்தினி வரைந்த புனித மார்ட்டின் சிற்றாலயமும் பியேத்ரோ லொரென்செத்தி வரைந்த, இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியும் அங்கே இருக்கின்றன. லொரென்செத்தியின் படத்தில் விறைத்த உடலைத் தாங்குகிறவர்களின் முகத்தை என்னால் விட்டு வர முடியவில்லை, மேல்கோயிலைவிட இதற்காகத்தான் மறுபடி அசிசிக்குப் போனேன். அதற்கும் கீழே பிரான்சிஸின் கல்லறை. எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாமல் இருந்து 1818-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

அசிசியிலிருந்து திரும்பும் வழியில் ஸ்பெல்லோ. நிலையத்திலிருந்து நடந்தே ஏறிவிடலாம், ரோமானிய வாசல் வழியாக ஊருக்குள் நுழைகிறோம். சாந்தா மரியா மஜ்ஜோரே கோயிலில் பிந்துரிக்கியோ 1501-ல் முடித்த பாலியோனி சிற்றாலயம் இருக்கிறது. மூன்று சுவரிலும் மூன்று காட்சிகள், காபிரியேல் வந்து மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சியின் ஓரத்தில், சுவரில் மாட்டிய சின்னப் படம் போலத் தன் முகத்தையே வரைந்து வைத்திருக்கிறார். தரையைப் பார்க்க மறக்காதீர்கள், பக்கத்து ஊரான தெரூத்தாவில் 1566-ல் செய்த வண்ண ஓடுகள் அவை. கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவத் திருநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவு முழுக்க ஊரே விழித்திருந்து தெருக்களில் பூவிதழ்களால் படம் போடுகிறது, காலையில் ஊர்வலம் அதன் மேல் நடந்து போகிறது. அந்தச் சமயம் போக நினைத்தால் அறையைப் பல மாதம் முன்பே எடுத்துவிட வேண்டும். நடக்கப் பிடிக்கும் என்றால் ஊரின் மேல்முனையிலிருந்து கொல்லெபீனோ வரை பழைய ரோமானிய நீர்க்கால்வாய் ஓரமாக ஏறக்குறைய 5 கிலோமீட்டர் பாதை போகிறது. ஏற்றம் கடுமை இல்லை, நிழல்தான் குறைவு. அசிசியிலிருந்து ஸ்பொலேட்டோ வரைக்கும் இந்த மலைச்சரிவு ஆலிவ் தோப்புகளை உலக வேளாண் பாரம்பரியமாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2018-ல் அங்கீகரித்திருக்கிறது. பிந்துரிக்கியோவின் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பாதையில் நடந்தால் படத்தில் தொலைவில் இருந்த மங்கலான பச்சை எது என்று கால்களுக்கே தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டரை வாக்கில் பல கோயில்களைச் சாத்திவிடுவார்கள், மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். பல மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஆகவே காலையில் ஒரு கோயில், மதியம் சாப்பாடு, நடை, மாலையில் இன்னொன்று என்பதுதான் இயற்கையாக அமைகிறது. ஒரே நாளில் மூன்று ஊர் என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்று பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். இருட்டான சிற்றாலயங்களில் சுவரோரம் ஒரு காசுப்பெட்டி இருக்கும், 50 சென்ட்டோ ஒரு யூரோவோ போட்டால் சில நிமிஷம் விளக்கு எரியும். சில்லறையைத் தனியாக ஒரு பையில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோன்டெஃபால்கோவுக்கு ரயில் கிடையாது, ஃபோலின்யோவிலிருந்து பஸ் அல்லது டாக்ஸி. அங்கே சான் பிரான்செஸ்கோ கோயில் இப்போது மியூசியம். பெனோட்ஸோ கொட்ஸோலி 1452-ல் வரைந்து முடித்த பிரான்சிஸ் வரலாறு பீடத்துக்குப் பின்னால் வளைந்த சுவர் முழுக்க இருக்கிறது. கீழ்வரிசையின் இடது மூலையில் ஆரம்பித்து மேலே ஏறிப் படிக்க வேண்டும். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்யும் காட்சியிலேயே மோன்டெஃபால்கோ ஊரையும் சேர்த்து வரைந்துவிட்டார். அசிசியில் பார்த்த அதே காட்சி, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, வேறு கையில். அங்கே ஒரு மரம், சில பறவைகள், அமைதி. இங்கே நிலம் முழுவதும் வந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் மேற்கத்திய ஓவியம் இடைப்பட்ட காலத்தில் எங்கே போனது என்பதற்குத் தனியாகப் புத்தகம் வேண்டாம். ஊர் மதிலின் மேலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், எதிரே சுபாசியோ மலை, அதன் சரிவில் வெளிறிய ரோஜா நிறத்தில் அசிசி.

பெரூஜா பெரிய ஊர், மாநிலத் தலைநகர், பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்தது. பேருந்து நிலையத்திலிருந்து எஸ்கலேட்டரில் ஏறினால் தரைக்கடியில் இருக்கும் ஒரு பழைய தெருவுக்குள் நுழைந்து வருவோம். 1540-ல் போப் மூன்றாம் பால் உப்பு வரி போட, பெரூஜா எதிர்த்தது. ஊரை அடக்கிய போப், பாலியோனி குடும்பத்தின் வீடுகளையும் தெருக்களையும் அடித்தளமாக்கி மேலே கோட்டை எழுப்பினார். 1860-ல் போப்பின் ஆட்சி போனதும் ஊரார் அந்தக் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அடியில் புதைந்த தெருக்கள் மிஞ்சின, அவற்றின் வழியாகத்தான் இன்று எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். அந்த வட்டாரத்து ரொட்டியில் உப்பு இல்லாததற்கும் இந்தச் சண்டைதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள், அதைவிடப் பழைய பழக்கம் என்று மறுப்பவர்களும் உண்டு.

மேலே வந்ததும் நடுச் சதுக்கத்தில் ஃபொன்தானா மஜ்ஜோரே, நிக்கோலா பிசானோவும் மகன் ஜொவான்னியும் 1275 முதல் 1278 வரை செய்த நீரூற்று. கீழ்த்தொட்டிக்கு 25 முகங்கள், அவற்றில் 50 புடைப்புச் சிற்பங்கள். பன்னிரண்டு மாதத்தின் வேலைகளும் அதில் உண்டு, அறுவடை, திராட்சை மிதிப்பது என்று. சுற்றி வந்து ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை, யாரும் அவசரப்படுத்துவதும் இல்லை. எதிரே உள்ள மாளிகையில் நாணயம் மாற்றுவோர் சங்கத்தின் கூடம், பெருஜினோ 1496-ல் தொடங்கி 1500-ல் முடித்தது. மேல்மாடியில் மாநிலத்தின் பெரிய ஓவியக்கூடம். இரண்டும் நல்லவை, ஆனால் நான் முதலில் அனுப்புவது சான் செவேரோ என்ற சின்னச் சிற்றாலயத்துக்கு. இளைஞன் ரஃபேல் அங்கே சுவரின் மேல்பாதியை வரைந்துவிட்டு ரோமுக்குப் போனான், திரும்பவே இல்லை, 1520-ல் இறந்துபோனான். கீழ்ப்பாதியை 1521-ல் வரைந்து முடித்தவர் பெருஜினோ, ரஃபேல் இளமையில் யாருடைய பாணியைக் கற்றானோ அவரே, எழுபதைத் தாண்டிய வயதில். மேலே இருக்கும் உயிர்ப்பையும் கீழே இருக்கும் முதுமையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். எனக்கு அந்தச் சுவர் முன்னால் பேச்சு வரவில்லை.

சாப்பாடு. அக்கா சைவம், உம்ப்ரியாவோ பன்றி இறைச்சிக்குப் பேர்போன இடம், ஆனாலும் பட்டினி கிடக்கவில்லை. 'சென்ஸா கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் போதாது, சிலர் புரோஷூட்டோ, பன்சேத்தா போன்ற உப்பிட்ட பன்றி இறைச்சியை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பருப்பு சூப்பில் சாசேஜ் இருக்கலாம். சூடான கல்லில் சுடும் தோர்த்தா அல் தெஸ்தோ என்ற தட்டை ரொட்டியைக் கீரையும் சீஸும் வைத்துத் தருவார்கள், நன்றாக இருக்கும், மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் 'ஸ்ட்ருட்டோ' போட்டதா என்று கேட்டுவிடுங்கள். ஸ்த்ராங்கொட்ஸி என்ற தடித்த பாஸ்தா தக்காளியோடும் கிடைக்கும், மண்ணுக்கடியில் விளையும் கறுப்பு ட்ரஃபிள் காளானோடும் கிடைக்கும். பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டோ மூன்றோ யூரோ வருவது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை. காபியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் போனால் ஆலிவ் செக்குகள் ஓடிக்கொண்டிருக்கும், அன்று ஆட்டிய எண்ணெயைச் சுட்ட ரொட்டியில் ஊற்றித் தருவார்கள், தொண்டையில் மிளகு போலக் காறும், அதுதான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம்.

ஸ்பொலேட்டோவுக்கு அரைநாள் போதும். பேராலயத்தில் ஃபிலிப்போ லிப்பி தன் கடைசி வருஷங்களில் வரைந்த மரியாள் காட்சிகள், 1469-ல் வேலை முடியும் முன்பே இறந்து அங்கேயே அடங்கினார். கோட்டையைச் சுற்றிய பாதையில் நடந்தால் சுமார் 80 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டும் இடைக்காலப் பாலம் தெரியும். 2016 நிலநடுக்கத்துக்குப் பிறகு அதை மூடினார்கள், மேலே நடக்க விடுகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த 2016 அக்டோபர் 30 நிலநடுக்கம் கிழக்கே நோர்ச்சா ஊரைப் பெயர்த்துப் போட்டது, புனித பெனடிக்ட் பேராலயத்தில் முகப்பைத் தவிர பெரும்பகுதி விழுந்தது. அதற்கு மேலே, ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் இருந்த கஸ்தெல்லூச்சோ கிராமத்தின் பெரும்பகுதியும் தரைமட்டம். கீழே விரிந்த சமவெளியில் இன்றும் பருப்பு விளைகிறது, ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் பருப்புச் செடியோடு பாப்பியும் நீலப்பூக்களும் சேர்ந்து பூக்கும். இங்கு மட்டும் கார் தேவை. இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச அனுமதியையும் ஊரிலிருந்தே வாங்கிப் போக வேண்டும், பழைய நகரங்களின் வாசலில் 'ஜோனா திராஃபிகோ லிமிதாத்தோ' என்ற பலகைக்கு அப்பால் ஓட்டினால் கேமரா பிடித்துவிடும், அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வரும். பூக்கும் காலத்து வார இறுதிகளில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், வாரநாளில் போங்கள். வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தோம், மிதிபடுவது ஒருவருடைய விளைச்சல். வரப்போரம் நின்றாலே எல்லாம் தெரிகிறது. நோர்ச்சாவில் திரும்பக் கடை போட்டிருப்பவர்களிடம் பருப்பு ஒரு கிலோ வாங்கி வந்தோம், ஊறவைக்காமலே வெந்துவிடும்.

ஓர்வியேட்டோவைக் கடைசியில் வையுங்கள். உம்ப்ரியாவின் மேற்கு ஓரத்தில், ஃப்ளோரன்ஸ்-ரோம் ரயில் பாதையில் இருப்பதால் ஊர் திரும்பும் வழியில் இறங்கிக்கொள்ளலாம். நிலையத்துக்கு எதிரிலேயே இழுவை ரயில் ஏறி மேலே போகலாம். இங்கே காலையில் கிணறு, மதியத்துக்கு மேல் பேராலயம். கிணற்றை, 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளெமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டும் என்று தோண்டச் சொன்னார். ஆழம் 50 மீட்டருக்கு மேல், இறங்க ஒரு சுழல்பாதை, ஏற இன்னொன்று, 248 படிகள், தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றையொன்று மறிக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள், அக்கா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பேராலயம் 1290-ல் தொடங்கியது. முகப்பின் அடியில் உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை செதுக்கிய நான்கு சுவர்கள் கண் மட்டத்தில் ஆரம்பிக்கின்றன, மாலை வெயில் நேராக அதன் மேல் விழும். உள்ளே சான் பிரீட்ஸியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை வரைந்த உலக முடிவு. இறந்தவர்கள் தரையைப் பிளந்துகொண்டு எழுகிறார்கள், எலும்பு மேல் சதை ஏறுகிறது. ஒரு மூலையில் கறுப்பு உடையில் சிஞ்ஞொரெல்லி நம்மைப் பார்த்து நிற்கிறார், பக்கத்தில் அந்தக் கூரையைத் தொடங்கிவைத்த ஃப்ரா ஆஞ்செலிகோ. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், கழுத்து வலித்தால் பெஞ்சில் சாய்ந்து பாருங்கள், மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே டிக்கெட் தருவதை நிறுத்தக்கூடும் என்பதால் முகப்பைக் கடைசிக்கு வைத்துவிட்டு முதலில் உள்ளே போய்விடுங்கள்.